நாட்காட்டித் தேவியும் அளவு ரவிக்கையும்

மழையை நம்பிப் பிழைக்க இயலாத கரிசற் சீமையிலே பிறந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததும், அத்தீப்பெட்டிகளின் லேபிலுக்காக வளர்ந்த சிவகாசியின் லித்தோ அச்சுக்கூடங்கள் பிற்காலத்தில் பாரதம் முழுவதற்கும் நாட்காட்டிப் படங்களை வழங்கியதும் ஊரறிந்த சரித்திரம். ஆயினும் அந்தப் படங்களின் வாயிலாக, பருத்த சரீரமுடைய ஸ்திரீக்கு உடை எங்ஙனம் அமைந்தால் அழகு என்னும் ஒரு சாஸ்திரம், குடிசையென்றும் மாளிகையென்றும் பாராமல் வீடுகள் தோறும் சுவரேறி வீற்றிருந்தது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

இப்படங்களின் பேராசானாகிய சி. கொண்டைய ராஜு 1898-இல் பிறந்தவர். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் சந்நிதியில் சில காலம் வாழ்ந்து, பின்னர் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, இறுதியில் கோவில்பட்டியில் தங்கி, 1976-இல் மறையும்வரை சீடர்கள் சூழத் தெய்வங்களைத் தீட்டியவர். அவர் காலத்து நாட்காட்டி லக்ஷ்மியை ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். தோள் அகன்று, கை திரண்டு, இடையின் கீழே விரிந்த பூரண சரீரம்; அதனை ஒடுக்கிக் காட்ட ஓவியர் சிறிதும் முயலவில்லை. ரவிக்கையின் கை தோளருகே நின்று புயத்தைப் பிதுக்காமல் முழங்கையை நோக்கி இறங்கி, அங்கே ஒரு சரிகைக் கரையோடு முடிகிறது. ஒட்டியாணம் உடலை மேலும் கீழுமாகப் பகுத்து, கீழ்ப்பகுதியை நீளமாக விடுகிறது. கொசுவமோ நாபியின் கீழிருந்து தாமரை வரையில் நேர்க்கோடாக வீழ்ந்து, பார்ப்பவர் கண்ணை அகலத்தில் அலையவிடாமல் மேலிருந்து கீழே இழுத்துச் செல்கிறது. அடியில் ஓடும் அகன்ற கரை, அத்தனை கனத்தையும் பூமியில் உறுதியாக நிறுத்துகிறது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் தெளிவாகத் தெரியும்படி திரை எழுதிப் பழகிய கை அது. எந்த இடத்தில் கோடு நீள வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அது அறிந்திருந்தது.

இந்த அறிவின் மூலம் நம் சிற்ப சாஸ்திரத்திலே இருக்கிறது. தாலமான விதிப்படி, தேவியர் திருமேனியை மத்திம தசதாலத்தில் 120 அங்குலமாகப் பகுப்பார்கள். அந்த அங்குலம் சிற்பியின் விரலளவன்று, சிலையின் உயரத்தையே வகுத்து அதனின்று பெறும் தேகலப்த அங்குலம். குறுகிப் பருத்த விநாயகருக்கோ பஞ்சதாலம் என்னும் தனிப் பிரமாணமே உண்டு. பேழை வயிற்றைப் பிழையென்று கருதி வேறோர் உடலின் கணக்குக்குள் அடக்க முற்படாமல், அந்த உடலுக்கென்றே ஒரு கணக்கை வகுத்த பெருந்தன்மையை என்னவென்று புகழ்வது! அளவை உடலினின்றும் எடுக்க வேண்டும், உடலை அளவுக்குள் திணிக்கலாகாது என்பதே அதன் சாரம்.

சாஸ்திரம் அறியாத நெசவாளரும் இதனைக் கையால் அறிந்திருந்தனர். அருப்புக்கோட்டையிலும் சுந்தரபாண்டியத்திலும் தறிகள் ஓயாது இயங்கிய காலத்தில், பக்கத்துச் செட்டிநாட்டுக் கண்டாங்கியின் அகன்ற கட்டமும் கனத்த கரையும் தென் மாவட்டத்துப் பெண்டிர்க்கு மிகவும் பரிச்சயமானவை. பருத்தவர்கள் பெரிய கட்டம் உடுத்தலாகாது என்று இக்காலத்தில் சொல்லுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விசாலமான உடலின்மேல் பொடிக் கட்டம் சிதறித் தொலைந்து போகும்; உடலின் விசாலத்துக்கு ஈடான கட்டமே அதன்மேல் அமைதியாகப் பொருந்தும். வயற்காட்டுப் பெண்கள் பின்கொசுவம் வைத்துக் கட்டிய முறையையும் கவனியுங்கள்: மடிப்பின் திரளெல்லாம் பின்னிடுப்பில் செருகப்பட்டு மேல்நுனி வெளியே விரிய, வயிற்றின்மேல் ஒரு சுற்றுக்கூட மிகையாக ஏறாமல் முன்புறம் சமமாக அமைகிறது. குனிந்து நாற்று நடவும் சுமை தூக்கவும் ஏற்பட்ட கட்டு, பருத்த உடலுக்குப் பேருபகாரமாகவும் ஆயிற்று. காதிலே தோளைத் தொட ஆடிய பாம்படமும் தண்டட்டியும் அகன்ற முகத்துக்கு நீளம் கொடுத்தன என்பது என் எண்ணம்.

1960-களுக்குப் பின் நைலக்ஸ் சேலைகள் பரவியபோது இந்தச் சமநிலை குலைந்தது. கஞ்சி போட்ட பருத்தி உடலைவிட்டுச் சற்றே விலகி நின்று தனக்கென ஓர் உருவம் கொள்ளும். நைலக்ஸோ உடலோடு ஒட்டி, மறைக்க விரும்பியதையே வரைந்து காட்டும். பட்டாசு ஆலைகளின் வாசலில் மட்டும் அதற்கு இடமில்லை. செயற்கை இழையில் பிறக்கும் நிலைமின்சாரத்தின் ஒரு பொறி மருந்தைப் பற்ற வைக்கும் என்பதால், அங்கே பருத்தி உடுத்துவதே பாதுகாப்பு விதி. உயிரச்சத்தினால் காக்கப்பட்ட பருத்தி அது. அழகின் பொருட்டு அதைப் போற்றும்போதும், அதை உடுத்தியவர்களின் ஆபத்தை மறந்துவிடக் கூடாது.

பின்னர் ஆயத்த ஆடை வந்தது. எண்களும் எழுத்துக்களும் உடலுக்கு அளவு சொல்லத் தொடங்கின. அந்த எண்களின் பிறப்பைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அமெரிக்க விவசாய இலாகா 1939-இலும் 1940-இலும் சுமார் 15,000 பெண்களை நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்து, 1941-இல் முடிவை வெளியிட்டது. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 1958-இல் அந்நாட்டில் ஏற்பட்ட வணிக அளவுத் திட்டத்துக்கு அதுவே ஆதாரம். எங்கோ எடுத்த சராசரி, அந்தச் சராசரிக்கு வெளியே நின்ற ஒவ்வொருத்தியையும் குறையுடையவளாக்கிற்று.

எங்கள் பக்கத்துத் தையற்காரர் சராசரியை அறியார். தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கும் பெண், துணியோடு தனக்குப் பொருந்திய பழைய அளவு ரவிக்கை ஒன்றையும் சுருட்டிக் கொண்டுவருவாள். அவர் அதைப் பலகையில் விரித்து, தோளையும் மார்பையும் கழுத்திறக்கத்தையும் அதனின்றே எடுத்து, பக்கத் தையலுக்கு உள்ளே துணியை மிச்சம் விட்டுத் தைப்பார். உடம்பு பெருத்தால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். சிவகாசிக் கடைவீதியில் இன்று அவரிடம் வந்து சேர்வன பெரும்பாலும் ஆயத்தச் சுடிதார்களே. சுடிதாரோடு தைக்காமல் தனியே வைத்துத் தரும் கைத்துணியில் மிஞ்சியதை வெட்டி அக்குளில் ஒட்டுப் போட்டு, பக்கத்தைப் பிரித்து அகலமாக்கித் தருகிறார். அதற்கு முன், வீட்டிலிருந்து அளவு ரவிக்கையை எடுத்து வரும்படி சொல்லி அனுப்புகிறார்.