ஒரே ஒரு மரணம்: சிட்னி சுறா வலைகளுக்கான சான்றை மீண்டும் வாசித்தல்

ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் 1937இல் சுறா வலைகள் இறக்கப்பட்டன. அன்றிலிருந்து வலையிட்ட கரைகளில் சுறாவால் நேர்ந்த உயிரிழப்பு ஒன்றே ஒன்று. அது 1951இல் நியூகாசில் நகரின் மெரிவெதர் கரையில் நடந்தது. வலைத் திட்டத்தை ஆதரித்து எழுந்த ஆய்வுகள் எவ்வழியே தொடங்கினாலும் இந்த ஒரு வரியில் வந்து நிற்கின்றன. வரி பொய்யன்று. ஆனால் அதன்மேல் ஏற்றப்பட்டுள்ள முடிவை அதனால் தாங்க முடியாது என்பதே என் வாதம்.

முதலில் அந்த வலை எதற்காக இறக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். 150 மீட்டர் நீளமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட வலை, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கரைக்கு வேலியாக முடியாது. அதன் மேலும் கீழும் இரு பக்கமும் சுறா தாராளமாகக் கடந்து செல்லும். சிக்குபவற்றில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு கரைப் பக்கத்திலிருந்து கடலுக்குத் திரும்பும்போதுதான் மாட்டுகின்றன. வலையைப் பரிந்துரைத்த 1935ஆம் ஆண்டின் சுறா அபாய ஆலோசனைக் குழுவும் அதை வேலியாக எண்ணவில்லை. சுறாக்களைப் பிடித்துக் கொன்று கரையோரத்தில் அவற்றின் எண்ணிக்கையைக் குறைப்பதே அதன் நோக்கம். இன்று குளிக்க வருவோர் மனத்தில் இருப்பதோ வேலி. அறிஞர்களும் இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடுகிறார்கள். இது வேலி அல்லவே என்று கேட்டால் எண்ணிக்கைக் குறைப்பைக் காட்டுகிறார்கள். எண்ணிக்கை குறைந்ததற்கு ஆதாரம் எங்கே என்றால் 1951இன் ஒற்றை மரணத்தைக் காட்டுகிறார்கள்.

அந்தக் கணக்கின் உள்ளே போவோம். ‘1937க்குப் பின்’ என்ற தொடருக்குள், போரின் காரணமாக வலையிடல் நிறுத்தப்பட்டிருந்த 1943 முதல் 1946 வரையிலான காலமும் அடங்குகிறது. குளிர்காலத்தில் வலைகள் எடுக்கப்பட்டுவிடும் மாதங்களும் அடங்குகின்றன. கடலில் வலையே இல்லாத நாள்களின் அமைதியும் வலையின் பெயரில் வரவு வைக்கப்படுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், மரணத்தையே அளவுகோலாகக் கொண்டதில் இருக்கிறது. 2009 பிப்ரவரியில் வலையிட்ட பாண்டை கரையில் அலைச்சறுக்கு வீரர் ஒருவர் கடிபட்டார். ஏறக்குறையத் துண்டான அவருடைய கையை அறுவை மருத்துவர்கள் மீண்டும் பொருத்தினார்கள். அடுத்த சில வாரங்களுக்குள், அதுவும் வலையிட்ட கரையான அவலானில், இன்னொரு இளைஞர் கடிபட்டுப் பிழைத்தார். இருவரும் மரணக் கணக்கில் இடம்பெறவில்லை. அதே பாண்டையில் 1929இன் தொடக்கத்தில் கடிபட்ட இருவர் இறந்தார்கள். இந்த எண்பது ஆண்டு இடைவெளியில் மாறியவை பல: குருதிப்போக்கை நிறுத்தும் முதலுதவி, இரத்தமேற்றல், விரைந்து வரும் ஊர்தி, அறுவைச் சிகிச்சை. இவற்றின் பங்கைக் கழிக்காமல் பலன் முழுவதையும் வலைக்கு எழுதுவது முறையன்று.

ஆயினும் என்னை இந்த முடிவுக்குத் தள்ளியது வலையற்ற நீரின் கணக்கு. சிட்னியில் 1963க்குப் பின் சுறாவால் இறந்த முதல் மனிதர் 2022 பிப்ரவரியில் லிட்டில் பே அருகே நீந்தியவர். லிட்டில் பேயில் வலை இல்லை. ஆகவே இது வலைக்குச் சாதகமான சான்று என்று உடனே எழுதப்பட்டது. நான் பார்க்கச் சொல்வது இடைப்பட்ட 59 ஆண்டுகளை. 1963இன் மரணம் துறைமுகத்தின் கிளையான மிடில் ஹார்பரில் நேர்ந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளிலும் துறைமுக நீரில் மரணங்கள் உண்டு. இத்திட்டத்தின் வலைகளான பொறிவலைகள் இறக்கப்படுவதோ வெளிக்கடல் கரைகளில். துறைமுகத்துக்குள் அவை இல்லை. இருந்தும் அந்த 59 ஆண்டுகளில் துறைமுகத்திலும் மரணம் நேரவில்லை. வலையற்ற சிறு கடற்கரைகளும் 2022 வரை அப்படியே இருந்தன. வலையிட்ட இடத்தில் நிலவிய அமைதி வலையிடாத இடத்திலும் நிலவியிருக்கும்போது, அதற்கு வலையைக் காரணமாகக் காட்டுவது எப்படி?

இதற்கு இரண்டு மறுப்புகள் வரக்கூடும். துறைமுகத்தில் குளிப்பவர்கள் அடைப்பு நீச்சல் பகுதிகளுக்குள் குளிக்கிறார்கள் என்பது ஒன்று. ஓரளவு உண்மை, ஆனால் அந்த அடைப்புகள் மெய்யான வேலிகள். அவற்றின் பலன் பொறிவலைக்கு ஆதரவாகாது. வெளிக்கடலில் சுறாக்கள் குறைந்ததால் துறைமுகமும் பயன்பெற்றது என்பது இரண்டாவது, வலுவானது. அதை ஏற்றால், வலையிட்ட கரை, வலையிடாத கரை என்ற ஒப்பீடே குலைந்துவிடும். அந்த ஒற்றை மரணம் பொருள் பெறுவது அந்த ஒப்பீட்டில்தான். இரண்டில் ஒன்றையே வைத்துக்கொள்ள முடியும்.

கொன்று குறைத்தால் தாக்குதல் குறையும் என்ற கருத்து வேறிடங்களிலும் சோதிக்கப்பட்டதுண்டு. ஹவாயில் 1959 முதல் 1976 வரை 4,668 சுறாக்கள் கொல்லப்பட்டன. தாக்குதல் விகிதத்தில் அளவிடத்தக்க மாற்றம் இல்லை என்று பின்னர் 1994இல் மதிப்பிடப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் வெண்சுறாக்களால் மனிதர்களுக்கு நேர்ந்த மரணங்களுக்கு எதிர்வினையாக 2014இல் இரை மாட்டிய மிதவைத் தூண்டில்கள் போடப்பட்டன. 172 சுறாக்கள் சிக்கின. ஒன்றுகூட வெண்சுறா இல்லை, பெரும்பாலானவை புலிச்சுறாக்கள். வெண்சுறா, புலிச்சுறா, காளைச்சுறா மூன்றும் நெடுந்தொலைவு இடம்பெயர்பவை என்பதைக் குறியிட்டுத் தொடர்ந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. ஒரு கரையில் ஒன்றைக் கொன்றால் அந்தக் கரை காலியாகிவிடுவதில்லை. மனிதரைக் கொல்வதாகப் பல காலம் பழி சுமந்த கிரே நர்ஸ் சுறாவை இதே மாநிலம் 1984இல் பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவித்தது. அதன் பின்னும் அது அரசின் வலையிலேயே சிக்கிச் செத்தது. எனக்கு இது பொறுக்க முடியாத முரண்.

வலையால் எவ்விதப் பயனும் இல்லை என்று நான் நிறுவிவிடவில்லை. இவ்வளவு அரிதான நிகழ்வில் அப்படி நிறுவ எண்களும் போதா. ஒரு மனித உயிருக்காக எத்தனை சுறா போனாலென்ன என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. உயிர் காக்கப்பட்டது என்று காட்டிய பிறகுதான் அந்தக் கேள்வி எழும்.

மூன்று உள்ளாட்சிப் பகுதிகளில் வலைகளை எடுத்துப் பார்க்கும் சோதனை திட்டமிடப்பட்டிருந்தது. 2025 செப்டம்பரில் லாங் ரீஃப் கரையருகே அலைச்சறுக்கு வீரர் ஒருவர் இறந்தபின் அது ஒத்திவைக்கப்பட்டது. அந்தத் துயரத்தின் நடுவே எடுத்த முடிவைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. சோதனை நடந்திருந்தாலும் அதை மரணத்தால் அளந்திருக்க முடியாது; ஒரு பருவத்தின் மரணமும் மரணமின்மையும் எதையும் சொல்லா. அளக்க வேறு வழி கையில் இருக்கிறது. குறியிட்ட சுறா நெருங்கும்போது பதிவு செய்யும் ஒலிவாங்கி நிலையங்கள் இந்த மாநிலக் கரையோரம் ஏற்கெனவே மிதக்கின்றன. வலை நீரில் இருந்த நாள்களிலும் இல்லாத நாள்களிலும் ஒரே கரைக்கு அதே சுறாக்கள் எத்தனை முறை வந்தன என்று தேதிவாரியாக ஒப்பிட்டு வெளியிடுவது அரசால் இயலும். வலைகள் தொடர வேண்டும் என்போர் 1951ஐ விட்டுவிட்டு அந்தப் பதிவுகளைக் கேட்க வேண்டும்.