மூன்று வெள்ளங்களும் ஒரு பொறையும்

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கொரட்டூரில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். நின்றுபோன ஒரு காரின் கூரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு அண்ணன் பின்னாலிருந்து போர்வையைப் போட்டு அமுக்க, நான் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். வாட்ஸாப் குரூப்பில் போட்டோ போட்டதும் இதயங்கள் குவிந்தன. கதை அங்கேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஷூ ரேக்குக்குப் பின்னால் போனவள் பதினோரு நாள் வெளியே வரவில்லை. ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு வந்து தின்றுவிட்டுத் திரும்பிவிடுவாள். ஒருநாள் பொறுமை இழந்து, கழுத்தில் கயிற்றைப் போட்டு மெதுவாக இழுத்தேன். அங்கேயே மூத்திரம் போய்விட்டாள். "உன்னைக் காப்பாத்தினதே நான்தானே, என்னைப் பார்த்து ஏன் நடுங்கற?" என்று வாய்விட்டே கேட்டேன்.

எது உடைந்தாலும் எப்போது உடைந்தது என்று பின்னோக்கித் தேடுவது எங்கள் தொழில்புத்தி. அப்படித் தேடிப் போனதில் இன்னொரு வெள்ளத்தில் போய் நின்றேன்.

1924 செப்டம்பர் 23, லெனின்கிராட். நேவா ஆறு பொங்கி, பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்களின் கூண்டுகளுக்குள் புகுந்தது. மணியோசைக்கு எச்சில் ஊறும் நாய் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அந்த பாவ்லோவ்தான். கூண்டின் மேல்பக்கம் மூக்கை நீட்டி நாய்கள் நீந்திக்கொண்டிருந்தன. கதவுகளோ தண்ணீருக்கு அடியில். வெளியே கொண்டுவர, அவற்றைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் இழுக்க வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தன. ஆனால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் கற்றதெல்லாம் அழிந்துபோயிருந்தது. அப்படி ஒரு நாய் ஓரளவு தேறிய பின், கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பழைய பயம் முழுசாகத் திரும்பியது.

அந்த நாய்களின் இடத்தில் இருந்து பார்த்தால், மூழ்கடிக்க வந்த கையும் காப்பாற்ற வந்த கையும் ஒன்றுதான். என் போர்வையும் அப்படித்தானே?

பாவ்லோவின் குறிப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழகிய ஆய்வாளர் அறைக்குள் சும்மா கூட இருந்தபோது அந்த நாய்க்குக் கற்றவை திரும்பின. பிறகு அவருடைய உடையை மட்டும் மறைவாக வைத்தாலே போதுமாக இருந்தது.

அதே 1924இல் நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பீட்டர் என்ற சிறுவன், மூன்று வயதுகூட நிரம்பாதவன், முயலைக் கண்டால் அலறுவான். அவன் பிடித்ததைத் தின்னும்போது, கூண்டிலிருக்கும் முயலைத் தள்ளி வைத்தார்கள். அவன் சாப்பாட்டை நிறுத்தாத தூரத்தில். நாளாக நாளாக அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். கடைசியில் முயல் அவன் விரலைக் கொறிக்க, அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நடுவில் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்ததில், பயம் மறுபடி ஏறிய கதையையும் அவர் மறைக்கவில்லை.

"பயந்த நாய்க்குச் சோறு ஊட்டினா பயம்தான்டா வளரும்" என்றார் அம்மா. பீட்டரின் கதை வேறு சொல்கிறது. தின்பண்டம் பயத்துக்குத் தரும் பரிசு இல்லை. பயந்த பொருளின் அர்த்தத்தை அது மாற்றுகிறது. முக்கியமான விஷயம் தூரம்தான். தின்னாமல் வெறித்துப் பார்த்தால் நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று பொருள்.

மூன்றாவது வெள்ளம் நம்ம ஊருடையது. மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தோடு காப்பாற்றியதிலிருந்துதான் 1959இல் புளூ கிராஸ் பிறந்தது. அப்போது மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று 1964 முதல் அவர்கள் சொல்லிவந்ததை மாநகராட்சி ஏற்க 1996 ஆனது. கொரட்டூர் சென்னை மாநகராட்சிக்குள் வந்ததே 2011இல்தான். கருத்தடை செய்த நாயின் காதில் சின்னதாக ஒரு வெட்டு போட்டு, பிடித்த தெருவிலேயே விடுவார்கள்.

இவள் இடது காதிலும் அந்த வெட்டு இருக்கிறது. முப்பது வருஷம் முந்தி என்றால் அந்த வலை சாவு. இவளுக்கு அது உயிர். ஆனால் வலைக்குள் இருப்பவளுக்கு இரண்டும் ஒரே வலை. கயிற்றைப் பார்த்து அவள் ஏன் அப்படி ஆனாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கயிற்றை அலமாரிக்குள் வைத்தேன். டீக்கடையில் பொறை வாங்கிவந்து, ஷூ ரேக்கிலிருந்து எட்டடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, லேப்டாப்பில் வேலை பார்த்தேன். அரைமணிக்கு ஒருமுறை ஒரு துண்டைத் தூக்கிப்போடுவது, அவளைப் பார்ப்பதில்லை. கூப்பிட்டுக் கிட்டே வரவழைக்கவும் இல்லை. அவளுக்குப் பின்பக்கம் போட்டால் விலகிப்போய்த் தின்னலாம். பழைய டி-ஷர்ட் ஒன்றை அவள் பக்கத்தில் போட்டுவைத்தேன். எட்டடி ஆறடியாக ஒரு மாதம் ஆனது. பக்கத்துத் தெருவில் கல்யாண வெடி வெடித்ததில் ஒரே ராத்திரியில் பத்தடியானது. மறுபடி முதலிலிருந்து.

மார்ச் மாதம் ஒரு மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. திரும்பிப் பார்க்காமல் கையைத் தாழ்த்திப் பொறையை நீட்டினேன். எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் பெயரே பொறை.

காரின் கூரையிலிருந்து அவளைத் தூக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. அப்படித் தூக்கியதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க மூன்று மாதம்.