நட்டஈடும் மருத்துவச் செலவும்: கிழக்கிலங்கை அரச தொழிலாளர் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

அரசாங்கத்தின்கீழ் வேலை செய்யும் ஒருவர் வேலையின்போது காயமுற்றால், அவருடைய மருத்துவச் செலவை ஏற்பவர் யார்? நிருவாகிகள் இதனைச் செலவுக் கட்டுப்பாடு என்னும் கணக்கியற் பிரச்சினையாகவே பேசுவர். ஆனால், ஒரு செலவைக் கட்டுப்படுத்துவதற்கு முன்னர் அது எவரேனும் ஒருவரது கணக்கில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இலங்கையில் வேலைகொள்வோரின் கணக்கில் அது எழுதப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அட்டாளைச்சேனை முதலிய கரையோர முஸ்லிம் ஊர்களின் பொருளாதாரம் நெல்வயலைச் சார்ந்தது. போடியார், முல்லைக்காரர் என்னும் நிலவுடைமை உறவே நெடுங்காலம் அங்கு நிலவியது. காயமுற்ற முல்லைக்காரரின் வைத்தியம் போடியாரின் தயவையும் உறவினரின் கையிருப்பையும் பொறுத்தது. உரிமை என்ற சொல்லுக்கு அங்கு இடமில்லை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோற்றுவிக்கப்பட்ட பின்னர் அணை, வாய்க்கால், தெரு ஆகிய வேலைகளினூடாக அரசே இப்பிரதேசத்தின் பெரிய வேலைகொள்வோருள் ஒன்றாயிற்று. தயவின் இடத்திற்குச் சட்டம் வந்தது எனலாம். அச்சட்டம் யாது?

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமே அது. அதற்கு முன்மாதிரியாயமைந்தது 1923ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம். மரணத்துக்கு முப்பது மாதக் கூலி அல்லது 2,500 ரூபா, இவற்றுள் எது குறைவோ அது என்று இந்தியச் சட்டம் ஆதியில் விதித்தது. பத்து நாளுக்கு மேற்படாத இயலாமைக்கு ஒன்றுமில்லை. அதன் அட்டவணையை ஓர் இலக்கியப் பனுவலைப் போல ஊன்றி வாசித்தல் தகும். முழங்கைக்கு மேல் வலக்கையை இழந்தால் உழைப்பாற்றலில் 70 வீதம் இழப்பு, அதே அளவில் இடக்கைக்கு 60, ஒரு கண்ணுக்கு 30, பெருவிரலுக்கு 25, சுட்டுவிரலுக்கு 10, ஏனைய விரல் ஒவ்வொன்றுக்கும் 5.

கிழக்கின் மதுரசாக்களில் பிக்ஹு பயின்றோர்க்கு உடலுறுப்புக்கு ஈடு வகுக்கும் அட்டவணை புதியதன்று. தியத் எனப்படும் ஈட்டுமுறையில் பத்து விரல்களும் சமமானவை. ஒவ்வொன்றுக்கும் முழு ஈட்டின் பத்திலொரு பங்கு. ஒரு மரபு மனிதனின் உறுப்பை அளந்தது. மற்றையது மண்வெட்டி பிடிக்கும் திறனை அளந்தது. உழைப்புச் சக்தி பண்டமாகிய சமுதாயத்தின் முத்திரையை இவ்வேறுபாட்டிற் காணலாம். தியத்தை இலட்சியப்படுத்துவது என் நோக்கமன்று. அதுவும் தன் காலத்துக் குலச் சமுதாயத்தின் விளைபொருளே.

மருத்துவர் இச்சட்டத்திலே தோன்றவே செய்கிறார், பெரும்பாலும் பரிசோதிப்பவராக. முதலாளி இலவசமாக ஏற்பாடு செய்யும் பரிசோதனைக்கு உட்பட மறுப்பவரின் நட்டஈட்டுரிமை இடைநிறுத்தப்படும். இலவசமாக அளிக்கப்பட்ட தகுதிபெற்ற மருத்துவரின் சிகிச்சையை மறுத்து, வேறு தகுதிபெற்றவரையும் ஒழுங்காக நாடாமல் காயம் மோசமடையின், முறையான சிகிச்சை பெற்றிருந்தால் அது எந்நிலையில் இருந்திருக்குமோ அந்நிலைக்கே ஈடு கணிக்கப்படும். முறிவு வைத்தியரை நம்பி எண்ணெயும் பத்தும் கட்டும் ஒரு கிராமத்தவருக்கு இவ்விதி எத்தகைய பொறியாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சிகிச்சையை மறுத்தமைக்குத் தண்டனையுண்டு. சிகிச்சை அளிக்குமாறு முதலாளிக்குக் கட்டளையில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 1916ஆம் ஆண்டின் கூட்டாட்சி ஊழியர் நட்டஈட்டுச் சட்டம் மருத்துவச் சேவையையும் அரசின் கடப்பாடாக்கியது. ஆதலாற்றான் மருத்துவர் கட்டணத்துக்கு வரம்பிடுதல், பட்டியல்களைச் சரிபார்த்தல் ஆகிய கட்டுப்பாடுகள் அங்குப் பிற்காலத்தில் எழுந்தன. இலங்கையில் அப்பிரச்சினை எழாமைக்குக் காரணம் நிருவாகத்தின் சிக்கனமன்று, அரசாங்க ஆசுபத்திரி. அங்குக் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்து, 1977இல் ஒழிந்தது. இலவச வைத்தியம் மக்கள் பெற்ற அரும்பேறு என்பதில் ஐயமில்லை. எனினும், வேலைகொள்வோர் தாங்கவேண்டிய செலவைப் பொதுநிதி தாங்கிற்று என்ற உண்மையையும் அது மறைத்தது. அரசுத் தொழிலாளர் விடயத்தில் இரு கணக்கும் ஒரே திறைசேரிக்கு உரியனவாகையால் இது எவர் கண்ணிலும் படவில்லை.

மருந்தை வெளியே வாங்குமாறு துண்டு எழுதிக்கொடுக்கப்படும்போது இத்திரை விலகுகின்றது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் அக்ரஹார காப்புறுதி அரச ஊழியரின் மருத்துவச் செலவை ஓரளவு மீளளிக்கின்றது. ஆயின் அதற்கான சந்தா ஊழியரின் மாதச் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுகின்றது, கொடுப்பனவுக்கும் உச்சவரம்புண்டு. ஆகவே கட்டுப்படுத்தப்படுவது ஊழியர் தம் பணத்தால் வாங்கிய பாதுகாப்பே. இந்தியாவோ 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான உண்மையான மருத்துவச் செலவை முதலாளி மீளளிக்க வேண்டுமெனத் தன் பழைய சட்டத்தில் எழுதிக்கொண்டது. இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பை ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் ரூபாவாக உயர்த்தி, வேலைக்குச் சென்றுவரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்தது.

இவ்வரலாற்றை எழுத முனைவோருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆசுபத்திரிப் பதிவேட்டில் நோயாளியின் பெயர் இருக்கும். அவர் வீட்டார் செலவிட்ட வண்டிக்கூலி இராது. முறிவு வைத்தியர் பற்றுச்சீட்டு எழுதும் வழக்கமுடையவரல்லர்.