அளவு ஒப்புச்சொற்கள்

ஒன்று மற்றொன்றினும் கூடியது, குறைந்தது, எல்லாவற்றிலும் மிகுந்தது என்று உணர்த்தும் சொற்களும் உருபுகளும். ஆங்கிலத்தில் அளவுச்சொல்லே வடிவம் மாறும். 'மெனி', 'மச்' இரண்டும் ஒப்பிடும்போது 'மோர்' ஆகும், உச்சத்தில் 'மோஸ்ட்' ஆகும். தமிழில் 'பல', 'அதிகம்' போன்றவை மாறுவதில்லை. எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயரே உருபேற்கிறது.

இலக்கண மரபு: தொல்காப்பியம் இப்பொருளை ஐந்தாம் வேற்றுமையில் வைத்து, அதற்குரியவற்றுள் அளவு, பன்மை, சின்மை ஆகியவற்றையும் எண்ணுகிறது. காக்கையினும் களாப்பழம் கரியது என்னும் கருத்தமைந்த பழைய எடுத்துக்காட்டு உரைகளில் நிலைத்துவிட்டது. புதர்க்காட்டில் களாப் பறித்தவர்க்கு அதன் பொருத்தம் விளங்கும். மிகுதிக்கு உறு, தவ, நனி என்னும் மூன்றைத் தொல்காப்பியம் தருகிறது. நன்னூல் சால, கூர், கழி ஆகியவற்றைச் சேர்த்து ஆறாக்குகிறது. ஆறும் மிகுதியையே குறிக்கும். அவற்றுள் ஏறுவரிசை கூறப்படவில்லை.

ஏலாக்குறிச்சி: இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் (1680–1747) பேச்சுத்தமிழுக்கு லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அவர் இயேசு சபையினர். அச்சிட்டவர்களோ அவரோடு வாதிட்ட லுத்தரன் சபையினர். நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மறைப்பணியாளர்களது லத்தீனில் 'மூல்ட்டி' ஒப்பிடும்போது 'ப்ளூரெஸ்', உச்சத்தில் 'ப்ளூரிமி' என மாறும். தமிழில் அதற்கு நேர்வடிவம் தேடியவர் சொல்லை விட்டு வேற்றுமையைக் கற்க வேண்டியிருந்தது.

கால்டுவெல்: 1856இல் வெளிவந்த அவரது ஒப்பிலக்கணம், திராவிட மொழிகளில் ஒப்புநிலை விகுதிகள் இல்லை என்கிறது. 'அதிலும் இது நல்லது' என்பதில் உள்ளதை அவர் இடவேற்றுமையாகக் கொண்டார். தமிழ் மரபினர் ஐந்தாம் வேற்றுமை என்பர். இரண்டுக்கும் 'இல்' பொதுவாதலால் வழக்கு முடிந்ததாகக் கொள்ள இயலாது.

பிற்கால வழக்கு: 'விட', 'பார்க்கிலும்' ஆகியவை விடு, பார் என்னும் வினைகளிலிருந்து வந்தவை. 'காட்டிலும்' என்பதைக் காட்டு என்னும் வினையோடு இணைப்பர். 'கம்மி' பாரசீக வேருடையது, 'ஜாஸ்தி' அரபு வேரிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. இரண்டும் தமிழுக்கு உருது வழியாகவோ மராத்தி வழியாகவோ வந்திருக்கலாம். பெரம்பலூர் வட்டாரத்துச் சின்ன வெங்காய விவசாயி, "போன வருசத்துக்கு இந்த வருசம் தேவலாம்" என்பார். அங்கே நான்காம் வேற்றுமை ஒன்றே முழு ஒப்பீட்டையும் தாங்குகிறது.

இன்று: உச்சநிலைக்குத் தமிழக எழுத்தில் 'அதிகபட்சம்', 'குறைந்தபட்சம்' வழங்குகின்றன, இலங்கையில் 'ஆகக்கூடிய', 'ஆகக்குறைந்த' வழங்குகின்றன.