தாத்தாவின் தோள் காய்ப்பு

என் தாத்தாவின் வலது தோளில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு காய்ப்பு இருந்தது. சிறு வயதில் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடியிருக்கிறேன். "இது என்ன தாத்தா?" என்று கேட்டால், "மலை ஏறுனது" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். அப்பாவோ அந்தப் பேச்சை எடுக்கவே விடமாட்டார். தாத்தா 1964-ல் காலமானார். அவர் இளவயதில் கொடைக்கானலுக்கு டோலி தூக்கியவர் என்பதை அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் நான் ஓய்வு பெற்ற பிறகு.

பெரியகுளம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஆனாலும் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்லி வைக்கிறேன். இப்போது பஸ் போகும் லாஸ் காட் ரோடு 1916-ல்தான் போக்குவரத்துக்குத் திறந்தது. மேஜர் லா என்பவர் போட்டதால் அந்தப் பெயர். அதற்கு முன்பு மேலே போக வேண்டுமென்றால் பெரும்பாடு. 1875-ல் ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் அதுதான். அங்கிருந்து ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் வந்து, மலையடிவாரத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பில் இறங்க வேண்டும். பிறகு 12 மைல் மலைப்பாதை. அந்தப் பாதைக்குக் 'கூலி காட்' என்றே பெயர். துரைமார் சிலர் குதிரையில் போனார்கள். மற்றவர்களும் அவர்களுடைய பெட்டி படுக்கையும் தோள்களில் போயின.

கொடைக்கானல் ஏரியை 1863-ல் உண்டாக்கியவர் கலெக்டர் லெவிஞ்ச். தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்தவரும் அவர்தான் என்பார்கள். வண்டிப்பாதையே இல்லாத மலையில் ஒரு படகு எப்படி ஏறியிருக்கும்? எத்தனை பேர் தூக்கினார்கள், எத்தனை நாள் ஆயிற்று? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. கொண்டுவந்தார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

அத்தை சொன்னதைக் கேட்டதிலிருந்து ஒருமுறையாவது நடந்தே ஏற வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. 2013 ஜனவரியில், எனக்கு 61 வயதில், அக்கா மகனுடன் கிளம்பினேன். வனத்துறை அனுமதி வாங்கி, கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானல். கூலி காட் செண்பகனூர் பக்கம் ஏறியது. இது அதற்கும் பழைய வழி. 1821-ல் மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு வெள்ளகவியில் தங்கித்தான் மேலே ஏறினார். கொடைக்கானலை அவர்கள் 'கண்டுபிடித்தார்கள்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அப்போது அவர் படுத்துறங்க ஓர் ஊர் ஏற்கெனவே அங்கே இருந்திருக்கிறது!

விடியற்காலை ஐந்தரைக்கு நடக்க ஆரம்பித்தோம். என் முதுகுப்பை 11 கிலோ. மேலே போய் இன்னும் இரண்டு நாள் சுற்றலாம் என்று மாற்றுத்துணி, கம்பளி, அரிசி, அடுப்பு எல்லாம் அடைத்திருந்தேன். வழிகாட்ட வந்தவர் வெள்ளகவிக்காரர், நாற்பது வயதிருக்கும். காலில் ரப்பர் செருப்பு, தலையில் சும்மாடு, அதன்மேல் ஊருக்குக் கொண்டுபோகும் 25 கிலோ அரிசி மூட்டை. எங்களுக்காக நின்று நின்று நடந்தார். "மெதுவா வாங்கய்யா, மலை எங்கயும் ஓடிறாது" என்பார்.

பத்து மணிக்கெல்லாம் பட்டை என் தோளை அறுக்கத் தொடங்கியது. பையைக் கழற்றிப் பார்த்தால் சிவந்து தடித்திருந்தது. அதே வலது தோள்.

வெள்ளகவி எல்லையில் எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, சாமி இருக்கும் மண். அப்போது ரோடு கிடையாது. நோயாளியென்றால் இன்றும் டோலி கட்டித்தான் தூக்குகிறோம் என்றார் வழிகாட்டி. அவர் வீட்டில் பால் இல்லாத காப்பியும் சோறும் கொடுத்தார்கள். அந்தக் காப்பியின் ருசிக்காகவே இன்னொரு முறை ஏறலாம்.

வெள்ளகவிக்கு மேலேதான் உண்மையான ஏற்றம். வெறுங்காலில் கல்லில் நடந்ததோ வயசோ, முழங்கால் பிசகிவிட்டது. பத்தடி நடப்பேன், உட்காருவேன். மருமகனிடமும் சொந்தப் பை இருந்தது. "மாமா, அண்ணன்கிட்ட குடுத்துருங்க" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் இழுத்துப் பார்த்தேன். டோலி தூக்கியவர் பேரன் தன் சுமையை இன்னொருவர் தோளில் ஏற்றுவதா என்று ஒரு வீம்பு. வெயில் சாய்ந்தது. சாயங்காலம் காட்டுமாடு இறங்குகிற இடம் என்றார் வழிகாட்டி. அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே பையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

இருட்டும் நேரத்தில் வட்டக்கானல் டீக்கடைக்கு வந்து சேர்ந்தோம். வழிகாட்டுக்கூலி பேசியபடி கொடுத்தேன். "பைக்கு எவ்வளவு தம்பி?" என்றேன். "பாத்துக் குடுங்கய்யா" என்றார். 200 ரூபாய் கொடுத்தேன். கடையில் சீனியும் தலைவலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு, டார்ச் லைட்டுடன் வந்த வழியே இறங்கிப் போனார். மேற்கொண்டு சுற்றும் யோசனையை விட்டுவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் நாங்கள் கீழே வந்தோம்.

அத்தைக்கு அப்போது எண்பத்தைந்து. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பையத் தூக்குனவனுக்கு எவ்வளவு குடுத்த?" என்றார். சொன்னேன்.

"சாப்பாடு வாங்கிக் குடுத்தியா?"

டீ வாங்கிக் கொடுத்தேன் என்றேன்.