எந்த மொழி முதலில் திரும்பும்?

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் முதியவர் தமிழிலிருந்து மலாய்க்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் தாவுவது சிங்கப்பூரில் அன்றாடக் காட்சி. அவரைப் போன்ற ஒருவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு குழறினால், எந்த மொழி முதலில் திரும்பும்?

மூளை பாதிக்கப்பட்டு மொழி குலைவதைப் பேச்சிழப்பு, அதாவது அஃபேசியா என்பார்கள். அறிவு மங்கிவிட்டது என்பது இதற்குப் பொருளல்ல. சொல்ல நினைப்பது உள்ளே இருக்கும், சொல்தான் வராது.

1861ல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, ‘டான்’ என்ற ஒலியைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் சொல்ல இயலாத நோயாளி ஒருவரின் மூளையில் இடது முன்பகுதி சிதைந்திருந்ததைக் காட்டினார். மொழி ஆராய்ச்சி அதிலிருந்து வேகம் பிடித்தது. பல மொழி பேசுவோரைப் பற்றி இரு கருத்துகள் எழுந்தன. பழைய நினைவே உறுதியாக நிற்கும் என்றார் ரிபோ (1881). அதன்படி தாய்மொழிதான் முதலில் மீள வேண்டும். நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழியே மீளும் என்றார் பித்ரே (1895).

எது சரி? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர் மிஷெல் பராடி, பதிவான நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார். சிலருக்கு எல்லா மொழிகளும் ஒன்றாக மீண்டன. சிலருக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்று வர மற்றொன்று மறைந்ததும் உண்டு. ஒன்று கடைசிவரை வராததும் உண்டு. இரண்டு விதிகளுமே எல்லாருக்கும் பொருந்தவில்லை.

ஆகவே நோயாளியின் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று கருதிய பராடி, இருமொழிப் பேச்சிழப்புச் சோதனையை உருவாக்கி 1987ல் நூலாக விளக்கினார். இன்று தமிழ் உட்பட அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது உள்ளது. அது வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. ‘புலி’, ‘புளி’ என்று ஒலி பிரித்தறியும் திறனைத் தமிழ்ச் சொற்களால்தான் சோதிக்க முடியும்.

நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட சிங்கப்பூருக்கு இது மிகவும் பொருந்தும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், தமிழில் தேறிவரும் முதியவர்கூடத் தேறவே மாட்டார் என்று தோன்றலாம். 2007ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பேச்சு, மொழிச் சிகிச்சைக்கான முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது உள்ளூரிலேயே சிகிச்சையாளர்கள் உருவாக வழிசெய்தது.

ஆனால், எந்த மொழியை எந்த வயதில் கற்றார், வீட்டில் எது, வேலையிடத்தில் எது என்பதுதான் பராடியின் சோதனையில் முதல் பகுதி. பேச இயலாதவருக்காக அந்த விவரத்தைச் சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டியவர்கள் குடும்பத்தினரே.