வாயில் தொடங்கி மவுஸ் வரை: ஸ்ப்ரே பெயிண்ட்டின் கதை

சுவரில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தது போன்ற எழுத்தை இன்று கணினியில் சில நிமிடங்களில் உருவாக்கிவிடலாம். ஆனால் இந்தத் தோற்றம் கணினியை விடப் பல்லாயிரம் ஆண்டுகள் பழையது என்பது தெரியுமா?

முதல் ஸ்ப்ரே கருவி மனிதனின் வாய்தான்! பாறை மேல் கையை வைத்து, நீரில் கரைத்த காவியை வாயாலோ குழலாலோ ஊதினார்கள். கையை எடுத்ததும் அதன் வடிவம் வெறும் பாறையாகத் தெரியும். சுற்றிலும் வண்ணத் துளிகள் படிந்திருக்கும். இந்தோனேசியாவின் சுலாவெசி தீவில் உள்ள இப்படியொரு கைத்தடம் குறைந்தது 39,900 ஆண்டுகள் பழையது என்று 2014-ல் அறிவிக்கப்பட்டது.

நம் பக்கம் வருவோம். பர்கூர் அருகே உள்ள மல்லப்பாடியில் 1978-ல் பேராசிரியர் கே.வி.ராமன் பாறை ஓவியங்களைக் கண்டறிந்தார். அப்போது அது தருமபுரி மாவட்டம். 2004-ல் பிரிந்த பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம். குதிரை வீரர்கள் வெள்ளை நிறத்தில் இருக்கிறார்கள். இவை ஊதியவை அல்ல, தீட்டியவை. ஆனாலும் டிசைன் கற்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சொரசொரப்பான பாறையில் மேடு வண்ணத்தைப் பிடிக்கும், பள்ளம் விட்டுவிடும். வண்ணம் பாதி என்றால் பரப்பு மீதி!

1949-ல் அமெரிக்காவின் எட்வர்ட் சீமோர் பெயிண்ட்டை ஸ்ப்ரே டப்பாவில் அடைத்தார். 1984-ல் மேக்கின்டாஷ் கணினியோடு வந்த மேக்பெயிண்ட்டில் பில் அட்கின்சன் ஒரு ஸ்ப்ரே டப்பாவையும் வைத்தார். திரை கறுப்பு வெள்ளை. எனவே விழுந்தது வெறும் புள்ளிகள்தான்.

அது ஏன் நிஜம் போல இல்லை? உண்மையான ஸ்ப்ரேயில் நடுவில் அடர்த்தி, ஓரத்தில் சிதறல். துளிகளின் அளவு ஒன்றுபோல் இருக்காது. டப்பாவை மிக அருகில் பிடித்தால் பெயிண்ட் வழியும். 2002-ல் வந்த ஃபோட்டோஷாப் 7-ன் பிரஷ்களில் துளியின் அளவையும் சிதறலையும் மாற்றிக்கொண்டே தீட்ட முடிந்தது. அதன் மேல் ஒரு பாறை அல்லது சுவரின் புகைப்படத்தைக் கலந்தால் மேடுபள்ளமும் வந்துவிடும். மல்லப்பாடிப் பாறை செய்த அதே வேலை!

அந்தப் புகைப்படத்துக்கு இணையத்தில் அலைய வேண்டியதில்லை. தருமபுரிப் பக்கம் கல்லுக்கா பஞ்சம்? கேமரா போதும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், நண்பர்களே. பழைய ஓவியம் உள்ள பாறைகளிலும் பெயிண்ட்டால் பெயர் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கணினியில் தவறாக அடித்தால் கன்ட்ரோல் இசட் உண்டு. பாறையில் அடித்த பெயிண்ட்டைச் சுரண்டினால், அடியில் இருக்கும் ஓவியமும் சேர்ந்தே போய்விடும்.